குறுகிய கால ஊழியப் பயணம்: பெற்றுப் பழகிய டெல்டா கொடுக்கப் புறப்படும்போது

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில் டெல்டா மாவட்டச் சபைகளில் வாசிக்கப்படும் அறிவிப்புகளில், விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் உபவாச ஜெபத்துக்கும் நடுவே, வெளிநாட்டு ஊழியப் பயணம் என்ற ஒன்றும் இப்போது இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. இலங்கை, நேபாளம், மலேசியா, சில வேளைகளில் கென்யா அல்லது உகாண்டா என்று நாடு மாறும். ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை தங்கல், செலவு அவரவர் பொறுப்பு, போகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்களும் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆனவர்களும் என்பது பொதுவாக மாறுவதில்லை. போகலாமா என்று யோசிப்பவர் முதலில் கேட்பது செலவைப் பற்றி. அடுத்துக் கேட்பது விசாவைப் பற்றி. அங்கே செய்யப்போகும் வேலையைத் தீர்மானித்தது யார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. பயணத்தால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது, தங்கும் நாட்களின் எண்ணிக்கையைவிட, அந்தக் கேள்விக்கான விடையையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

குறுகிய கால ஊழியம் என்ற அமைப்பு பழையதன்று. மிஷனரி என்றால் கப்பலேறிப் போய்ப் பல ஆண்டுகள், பலர் சாகும்வரை, போன இடத்திலேயே தங்குபவர் என்பதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பொதுவான எண்ணமாக இருந்தது. 1957-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் தம் நண்பர்கள் இருவருடன் மெக்சிகோவுக்குப் போய் வேதப் பிரதிகளை விநியோகித்ததிலிருந்து ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற ஊழிய அமைப்பு வளர்ந்தது. 1960-இல் லோரன் கன்னிங்ஹாம் தொடங்கிய யூத் வித் எ மிஷன் என்ற அமைப்பு, இளைஞர்களைக் குறுகிய காலத்துக்கு அனுப்புவதையே தன் முறையாக்கிக்கொண்டது. விமானப் பயணம் எளிதாக எளிதாக மாதங்கள் வாரங்களாகச் சுருங்கின. அமெரிக்கச் சபை உறுப்பினர்களில் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போய் வருகிறார்கள் என்று சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ 2005-ஆம் ஆண்டுக் கருத்தாய்வைக் கொண்டு கணித்தார்.

தமிழகச் சபைகளுக்கு ஊழியரை அனுப்புவது புதிதில்லை. 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கமும் 1959-இல் உருவான ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்டும் மொழி தெரியாத பகுதிகளுக்குக் குடும்பத்தோடு ஊழியரை அனுப்பி, ஆண்டுக்கணக்கில் அங்கே தாங்கி வந்திருக்கின்றன. உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதைக் காணிக்கையாக்கி அந்த ஊழியத்தைத் தாங்கிய பெண்களில் பலர் அந்த ஊர்களை ஒருபோதும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்டதுமில்லை. குறுகிய காலப் பயணத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. கொடுப்பவரே போகிறார், போகிறவரே பார்க்கிறார், பார்த்தவரே வந்து சாட்சி சொல்கிறார். பயணத்தின் பலனைப் பெற வேண்டியவர் இந்தச் சுற்றுக்குள் எங்கே வருகிறார் என்பதுதான் சிக்கல்.

இதைப் புரிந்துகொள்வதில் டெல்டாக்காரர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. வெளிநாட்டு ஊழியர் வந்து இறங்கினால் ஊருக்கு என்ன ஆகும் என்பதை, வாங்கிக்கொள்ளும் பக்கத்திலிருந்து 300 ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்த நிலம் இது. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சாவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். புளுட்சாவ் 1711-இல் ஊர் திரும்பினார். சீகன்பால்க் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் பட்டியலிட்டார். தம்மைப் பாதுகாக்க வேண்டிய டேனிஷ் அதிகாரியாலேயே சிறையில் அடைக்கப்பட்டுச் சில மாதங்கள் கிடந்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1719-இல் தம் 36-ஆம் வயதில் தரங்கம்பாடியிலேயே இறந்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி அனுப்பிய நூலை, இந்தக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்காக உங்களை அனுப்பவில்லை என்ற மனநிலையோடு ஜெர்மனியின் ஹாலே நகரத்து மிஷன் பொறுப்பாளர்கள் அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். அது சென்னையில் அச்சேறியது 1867-இல். அனுப்பியவர்கள் கேட்க விரும்புவது ஒன்று, போனவர் அங்கே கற்றுக்கொள்வது வேறொன்று என்ற இழுபறி அன்றே இருந்தது. பத்து நாள் பயணத்தில் இந்த இழுபறி எழுவதே இல்லை, ஏனென்றால் அனுப்பியவர்களை மறுக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ள அங்கே நேரமில்லை.

1750-இல் வந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. ஹைதர் அலியின் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் வரிக் கொடுமையாலும் நிலத்தை விட்டு ஓடிய தஞ்சை உழவர்கள் அரசரின் வாக்கை நம்பவில்லை. சுவார்ட்ஸ் பொறுப்பேற்றுச் சொன்ன பிறகே ஆயிரக்கணக்கில் திரும்பி வந்து சாகுபடி செய்தார்கள். அந்த நம்பிக்கை முப்பது ஆண்டுகளாக இங்கேயே வாழ்ந்ததால் கிடைத்தது. ஆனால் இந்த வரலாற்றை நீண்ட காலம் தங்கிய வெள்ளைக்காரரின் கதையாக மட்டும் சொல்வது பாதி உண்மைதான். ஐரோப்பியர் நுழைய முடியாதிருந்த காலத்துத் தஞ்சை நாட்டில் ராஜநாயக்கன் போன்ற உபதேசிமாரே வேலையை நடத்தினார்கள். ஆரோன் 1733-இல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். வந்தவர் எத்தனை ஆண்டு இருந்தாலும், உள்ளூர்க்காரர் கையில் பொறுப்பு இருந்த இடத்தில்தான் சபை நின்றது.

நம் தலைமுறைக்கு நேரடியாகத் தெரிந்த பாடம் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வந்தது. ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் அரசு, தொண்டு நிறுவனங்கள், எல்லாச் சமயத்து அமைப்புகள், தனியாட்கள் என்று உதவி வந்து குவிந்தது. அதில் பெரும்பகுதி உயிர்காத்த உதவி. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனாலும் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கத்தில் அப்போது இருந்தவர்களுக்குச் சாலையோரம் மலைபோல் கிடந்த பழைய துணி நினைவிருக்கும். பிறர் உடுத்திக் கழித்த துணியை எந்த மீனவக் குடும்பமும் எடுக்கவில்லை. துணியை அனுப்பிய யாரும் அவர்களை முன்கூட்டிக் கேட்கவும் இல்லை. படகு கொடுப்பது புகைப்படத்துக்கு எடுப்பான உதவி என்பதால் கண்ணாடியிழைப் படகுகள் பல இடங்களில் தேவைக்கு மேல் வந்தன. படகில்லாத கூலித் தொழிலாளிக்கும், உப்புநீர் ஏறிய வயலில் வேலையிழந்த தலித் குடும்பத்துக்கும் உதவி தாமதமாகவும் குறைவாகவும் போனது, ஏனென்றால் வெளியிலிருந்து வந்தவர்களின் பட்டியலில் பாதிக்கப்பட்டவர் என்றால் மீனவர் என்றுதான் இருந்தது. ஊரைத் தெரியாமல் வந்தவர்கள் ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த பட்டியலை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். அதில் கணவனை இழந்த பெண்களின் பெயர் எங்கே என்று கேட்க, அங்கேயே பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள்தான் வேண்டியிருந்தது.

இப்போது அதே டெல்டாவிலிருந்து போகும் குழு, வேறோர் ஊரில் அதே வெளியாளாக இறங்குகிறது. வரவேற்கும் சபையின் பக்கத்திலிருந்து அந்தப் பத்து நாட்களைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும். அங்குள்ள போதகர் தம் வழக்கமான வீடு சந்திப்பையும் வேதபாட வகுப்புகளையும் நிறுத்திவிட்டு வண்டி ஏற்பாடு செய்கிறார். அவர் மனைவி பன்னிரண்டு பேருக்குச் சமைக்கிறார். ஆங்கிலமோ தமிழோ தெரிந்த ஒரே ஆசிரியர் விடுப்பெடுத்து மொழிபெயர்க்கிறார். வந்தவர்களில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் மருத்துவமனைக்கு ஓடுவதும் அவர்களே. கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும், சேராவிட்டால் விருந்தினர் மனம் வாடும். இத்தனையும் வேண்டாம், இந்த ஆண்டு வர வேண்டாம் என்று அவர்களால் சொல்ல முடியாது, ஏனென்றால் ஆலயக் கூரைக்கு அடுத்த ஆண்டு பணம் அனுப்பப்போவதும் இதே சபைதான். ஆகவே 'அவர்கள்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்' என்ற ஒரு வாக்கியத்தை வைத்து மட்டும் அழைப்பு உண்மையானது என்று முடிவுகட்ட முடியாது. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த குழுவுக்குப் பந்தி பரிமாறிய டெல்டா கிராமத்துச் சபைகளுக்கு இது நன்றாகத் தெரியும். தாங்கள் போகும் முறை வரும்போது இது எப்படியோ மறந்துவிடுகிறது.

செலவைப் பற்றிய வாதமும் இதோடு சேர்ந்தது. 1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சிதைத்த பிறகு, வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் பல அங்கே போய் வீடு கட்டிக் கொடுத்தன. அந்நாட்டில் நீண்ட காலம் வாழ்ந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார். உள்ளூர்க் கிறிஸ்தவ நிறுவனம் ஏறக்குறைய 2,000 டாலரில் கட்டும் வீட்டுக்கு, பயணச் செலவையும் சேர்த்தால், ஒரு குழு ஏறக்குறைய 30,000 டாலர் செலவழித்திருந்தது. வீடு பெற்ற குடும்பங்களைப் பொறுத்தவரை வெளிநாட்டார் கட்டிய வீட்டுக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. போய் வந்தவர்கள் தங்கள் வாழ்க்கை மாறியது, காணிக்கை கூடியது என்று சொன்னார்கள். காணிக்கைப் பதிவுகளைப் பார்த்தபோது அந்த மாற்றம் மிகச் சிறிதாக இருந்தது. இதைக் கேட்டவுடன் போக வேண்டாம், பணத்தை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பயணம் இல்லாவிட்டால் அந்தப் பணம் சேர்ந்தே இருக்காது என்பதும் உண்மை. பிள்ளையின் பயணத்துக்காக நகையை அடகு வைக்கும் தகப்பனார், முன்பின் தெரியாத ஊரின் கூரைக்காக அதைச் செய்ய மாட்டார். என் கருத்தில் செலவை வைத்துப் பயணத்தை நிராகரிப்பதைவிட, செலவின் உண்மையான பெயரை எழுதிக்கொள்வது நேர்மை. பத்துப் பேர் தலா நாற்பதாயிரம் ரூபாய் செலவழித்தால் அந்த நான்கு லட்சத்தில் பெரும்பகுதி நம் பிள்ளைகளின் படிப்புச் செலவு. அதை ஏழைகளுக்கான உதவி என்ற தலைப்பில் சபைக் கணக்கில் காட்டுவதுதான் தவறு.

படிப்பு என்று ஏற்றுக்கொண்டால் எங்கே போவது என்பதும் தெளிவாகும். டெல்டாவிலிருந்து மிக அருகிலுள்ள வெளிநாடு இலங்கை. உள்நாட்டுப் போரால் 1980-களில் அற்றுப்போன பயணிகள் கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கியது. சுமார் 60 கடல் மைல். நான்கு மணி நேரப் பயணம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிற்பதும் மீண்டும் தொடங்குவதுமாக நடக்கிறது. மொழி ஒன்று என்பதால் அங்கே போக எந்தத் தயாரிப்பும் தேவையில்லை என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்துச் சபையின் வரலாற்றைப் படித்துவிட்டுக் கப்பலேறுவது நல்லது. அமெரிக்க மிஷன் அங்கே 1816-இல் வேரூன்றியது. வட்டுக்கோட்டை செமினரி 1823-இல் தொடங்கியது. மதுரையின் அமெரிக்க மிஷன் 1834-இல் புறப்பட்டதே யாழ்ப்பாணத்திலிருந்துதான். யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்கள் 1900-ஐ ஒட்டித் தாங்களே ஒரு சங்கம் அமைத்து, கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1902-இல் அங்கே போன திருநெல்வேலிக்காரர் வி. எஸ். அசரியா அதைப் பார்த்துத் திரும்பியதன் விளைவுதான் மறு ஆண்டு பிறந்த இந்திய மிஷனரி சங்கம். தமிழ்ச் சபையின் வரலாற்றில் மிகுந்த பலன் தந்த குறுகிய காலப் பயணம் அதுவாகத்தான் இருக்கும். அவர் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டவில்லை, வர்ணம் பூசவில்லை. அங்குள்ளவர்கள் செய்வதைக் கவனித்தார். அதே அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், உங்கள் பொருளையும் உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மேல்நாட்டு மிஷனரிகளிடம் கேட்டதையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

போரில் பிள்ளைகளை இழந்த வீட்டில் போய் உட்கார்ந்து, சாட்சி சொல்லுங்கள் என்று கேட்பதும், அதைக் கைப்பேசியில் பதிவுசெய்வதும் எவ்வளவு பெரிய அத்துமீறல் என்பதைப் பயிற்சி வகுப்பில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் நடக்கிறது.

சட்டப் பக்கம் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்லத்தக்கது. சுற்றுலா விசா சுற்றுலாவுக்கானது. அதை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தால் போகிறவர் திருப்பி அனுப்பப்படலாம், ஆனால் வழக்கும் விசாரணையும் அங்கேயே வாழும் போதகரின் தலையில் விழும். நேபாளத்துக்கு இந்தியருக்கு விசா வேண்டாம் என்பது பலரைத் தவறான தைரியத்துக்குக் கொண்டுபோகிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் சட்டம், மதமாற்றத்துக்கும் அதற்குத் தூண்டுவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்த ஏழு நாட்களுக்குள் நாடு கடத்தவும் சொல்கிறது. பணம் கொண்டுபோவதிலும் கவனம் வேண்டும். நம் வருமான வரிச் சட்டப்படி அறக்கட்டளையின் வருமானம் இந்தியாவுக்குள் செலவழிக்கப்பட்டால்தான் வரிவிலக்கு. வெளிநாட்டுச் செலவுக்கு மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி வேண்டும். சேகரக் கணக்கிலிருந்து எடுத்துக் குழுத்தலைவர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் ஆண்டுத் தணிக்கையில் சிக்கும். கென்யா, உகாண்டா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலிருந்து நேரே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

குழந்தைகள் இல்லங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளைஞர் குழுக்கள் மிகவும் விரும்பிப் போகும் இடம் அதுதான். கம்போடியாவில் அநாதை இல்லங்களிலிருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததை யுனிசெஃப் சுட்டிக்காட்டியது. வெளிநாட்டு விருந்தினரும் அவர்கள் தரும் பணமும் வரவர, ஏழைக் குடும்பங்களிலிருந்து குழந்தைகளை வாங்கி இல்லத்தை நிரப்புவது ஒரு தொழிலாகிறது. ஒரு வாரம் மடியில் உட்காரவைத்துப் பாடிக்காட்டிய அக்காவும் அண்ணனும் அடுத்த வாரம் காணாமல் போவதும், இரண்டு மாதம் கழித்து வேறு அக்காவும் அண்ணனும் வருவதும், ஏற்கெனவே பிரிவில் காயப்பட்ட குழந்தைக்கு நல்லதல்ல. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குள் முன்பின் தெரியாத பத்து வெளிநாட்டவர் வந்து குழந்தைகளைத் தூக்கிப் படமெடுக்க நாம் விடமாட்டோம். அங்கேயும் அதே அளவுகோல்தான். மருத்துவ முகாமும் அப்படியே. இந்தியாவில் வெளிநாட்டு மருத்துவர் சிகிச்சை செய்யத் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிகப் பதிவு தேவைப்படுவதுபோல், நம் மருத்துவரும் போகும் நாட்டின் பதிவைப் பெற வேண்டும். நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி இங்கே செய்யக் கூடாத வேலை எதையும் அங்கேயும் செய்யக் கூடாது.

அப்படியானால் போகிறவர் என்னதான் செய்வது? அங்குள்ள சபை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையில், அவர்கள் கேட்ட திறனோடு, அவர்கள் சொன்ன நேரத்தில் சேர்ந்துகொள்வது. கணக்குப்பதிவு கற்றுக்கொடுக்க ஒருவர், சூரிய மின்தகட்டைச் சரிபார்க்க ஒருவர், பழைய திருமணப் பதிவேடுகளை ஒளிப்படமாக்க ஒருவர் என்று இரண்டு மூன்று பேராகப் போனால் அது விழாவாக இருக்காது, ஆனால் பயன்படும். நேரம் என்பதும் சிறிய விஷயமன்று. நமக்கு மே மாதம் வசதி: பள்ளி விடுமுறை, சம்பா அறுவடை முடிந்து மேட்டூர் திறக்கும்வரை வயலில் வேலை குறைவு. இலங்கையிலோ பள்ளி விடுமுறைகள் பொதுவாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் வருகின்றன. மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தப் போகும் குழுவுக்காக அங்குள்ள பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட வேண்டியிருக்கும், அல்லது சோர்ந்துபோய் மாலையில் வர வேண்டியிருக்கும். அவர்கள் நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறிக்கும் குழு எத்தனை என்று எண்ணினாலே பல பயணங்களின் தன்மை தெரிந்துவிடும்.

திரும்பி வந்தபின் சபையில் காட்டப்படும் படத்தொகுப்பைப் போலவே, வரவேற்ற சபை எழுதிய மதிப்பீடும் வாசிக்கப்பட வேண்டும். அதைப் போகும் குழுத்தலைவர் வழியாகப் பெறாமல், அந்தச் சபையோடு தொடர்ந்து பேசும் பெரியவர் ஒருவர் ஆறு மாதம் கழித்துக் கேட்டு வாங்குவது நல்லது. இன்னும் ஒன்று செய்யலாம். இதைச் செய்த சபைகள் மிகக் குறைவு. இரண்டு முறை போனால் ஒரு முறை அவர்களை இங்கே அழைப்பது. யாழ்ப்பாணத்துப் போதகர் ஒருவர் தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயத்தையும் தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவின் சுவார்ட்ஸ் ஆலயத்தையும் பார்த்துவிட்டு, நம் வாலிபர் ஐக்கியத்தில் உட்கார்ந்து நம் சபை நடக்கும் விதத்தைப் பற்றித் தமக்குத் தோன்றியதைச் சொன்னால், அந்தப் பேச்சு பத்து நாள் பயணத்தைவிட நமக்கு அதிகம் கற்றுத்தரக்கூடும். இதற்கும் விதி உண்டு. இந்திய உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலின்படி, சுற்றுலா விசாவில் வருபவர் ஆலயத்துக்குப் போகலாம், ஆராதனையில் கலந்துகொள்ளலாம், பிரசங்கம் கேட்கலாம். ஆனால் பிரசங்கம் செய்யவோ மத நூல்களை விநியோகிக்கவோ கூடாது. அவரைப் பிரசங்க பீடத்தில் ஏற்ற விரும்பும் சபை, உரிய வகை விசாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். அதற்கான அழைப்புக் கடிதத்தில் தங்கும் முகவரி, செலவுப் பொறுப்பு, செய்யும் வேலை மூன்றும் தெளிவாக இருப்பது அவருக்கும் நமக்கும் பாதுகாப்பு.